பழைய ரேசரா, புதிய ரேசரா? முதலில் தலையைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: வீட்டில் கிடைத்த பழைய ஜில்லெட் சேஃப்டி ரேசரைத் துலக்கிப் பயன்படுத்தலாமா, இல்லை இன்று விற்கும் ரேசர்களில் ஒன்றை வாங்குவதா? அதோடு கிடந்த, உறை பிரிக்காத பழைய பிளேடுகளைப் போடலாமா? புது பிளேடு அந்த ரேசரில் பொருந்துமா?

பின்பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இருபுறமும் கூருள்ள இன்றைய பிளேடு எதுவானாலும் பழைய ஜில்லெட்டில் பொருந்தும். ஆரம்பகால ரேசர்களில் பிளேடைப் பிடிக்க மூன்று முளைகள் இருந்தன. அதற்கேற்ப பிளேடிலும் மூன்று துளைகள். 1930-க்குப் பிறகு நடுவில் நீளப் பிளவு உள்ள பிளேடு வந்தது. இன்றைய பிளேடின் நடுப்பிளவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது நேர்க்கோடாக இருக்காது, இடையிடையே அகன்று குறுகும். அந்த அகன்ற இடங்களில் பழைய மூன்று முளைகளும் உட்காரும், பிற்கால ரேசரின் நீளக் கட்டையும் உட்காரும். பழைய பிளேடுகளை மட்டும் முகத்தில் வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

ரேசர் பழையதா புதியதா என்பதற்குப் பதில் சொல்ல, ஆண்டை மறந்துவிட்டு அதன் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். பிளேடை மாட்டி இறுக்கிவிட்டு, தலையின் ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். மேலே வளைந்த மூடி, கீழே அடித்தட்டின் தடுப்புக் கம்பி, இரண்டுக்கும் நடுவே பிளேடின் விளிம்பு. பிளேடு விளிம்புக்கும் தடுப்புக்கும் உள்ள தூரம்தான் பிளேடு இடைவெளி. (மூடியையும் கேப் என்கிறார்கள், இடைவெளியையும் கேப் என்கிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால் இங்கே மூடி, இடைவெளி என்றே எழுதுகிறேன்.)

இனி மூடியின் ஓரத்தையும் தடுப்பின் ஓரத்தையும் தொட்டுச் செல்லும் ஒரு நேர்க்கோட்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஷேவ் செய்யும்போது தோல் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் படியும். பிளேடின் கூர் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ரேசர் முரடு. கோட்டுக்கு உள்ளே ஒதுங்கியிருந்தால் சாது. கோட்டிலேயே இருந்தால் நடுத்தரம். இதை வெளிநீட்டம் என்று வைத்துக்கொள்வோம். தோலில் எவ்வளவு கூர் படுகிறது என்பதைத் தீர்மானிப்பதில் வெளிநீட்டத்துக்குத்தான் பெரிய பங்கு. இடைவெளியின் முக்கிய வேலை, நுரைக்கும் முடிக்கும் வழி விடுவதும், அதற்குள் தோல் எவ்வளவு பிதுங்கலாம் என்று முடிவு செய்வதும்.

ரேசர் விற்பவர்கள் இடைவெளியை மட்டும் எண்ணாகப் போடுவார்கள். அந்த எண்களை வைத்து ஒரு நிறுவனத்தின் ரேசரை இன்னொரு நிறுவனத்தின் ரேசரோடு ஒப்பிடுவது வீண் வேலை. ஒரே தலைக்குப் பல அடித்தட்டுகள் தரும் ரேசர்களில் மட்டும் அந்த எண் பேசும். ராக்வெல் ரேசரில் 1 முதல் 6 வரை எண்ணிட்ட தட்டுகள் உண்டு, இடைவெளி 0.20 மி.மீ.யிலிருந்து 0.79 மி.மீ. வரை போகிறது. 0.1 மி.மீ. தடிமனுள்ள பிளேடில் இந்தப் படிகள் ஒவ்வொன்றும் முகத்தில் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவதாக ஒன்றைப் பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதே இல்லை. பிளேடை மூடியும் தட்டும் எந்த இடத்தில் கவ்வுகின்றன? விளிம்புக்கு மிக அருகே கவ்வினால் பிளேடு அசையாது. தள்ளிக் கவ்வினால் மெல்லிய தகடு வெளியே தொங்கும். தடித்த தாடிமுடியில் படும்போது அது துள்ளும். தாடையில் 'டர்ர்' என்று அதிர்வதுபோல் தெரிந்தால் அது இந்தத் துள்ளல்தான். ரேசர் சாதுவாக இருந்தும் கழுத்தில் எரிகிறது என்பவர்கள் பலருக்குக் காரணம் இங்கே இருக்கும்.

சீப்புப் பல் போன்ற தடுப்பு முரட்டு ரேசரின் அடையாளம் என்றொரு நம்பிக்கை உண்டு. சரியல்ல. பல்வரிசை செய்வது, நீண்ட முடியையும் கெட்டி நுரையையும் வழித்துத் தள்ளிவிடாமல் பிளேடு வரை விடுவது. மூன்று நான்கு நாள் தாடியை எடுப்பவருக்கு அது உதவும். தினமும் ஷேவ் செய்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பல்லோடு சாதுவான ரேசரும் உண்டு, முழுத் தடுப்போடு முரடானதும் உண்டு. பல் வைத்த ம்யூலே ஆர்41 கடும் முரடு என்றால், அதற்குக் காரணம் பல்லல்ல, பிளேடு வெளியே நிற்கும் அளவு.

இப்போது பழைய ரேசர்கள். ஜில்லெட் நிறுவனர் கிங் ஜில்லெட்டின் காப்புரிமை 1904-இல் வந்தது, 1921-இல் முடிந்தது. அதுவரையிலான பல்வரிசை ரேசர்களை ஓல்ட் டைப் என்பார்கள். தட்டு மெல்லியது, தலை பெரியது, பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் கை வைத்தால் எதிர்பார்த்ததைவிட மென்மையாகவே ஷேவ் செய்யும். 1930-களின் முடிவில் டெக் வந்தது. மூடி, தட்டு, கைப்பிடி என மூன்றே துண்டு, முழுத் தடுப்பு, நல்ல கவ்வல். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டெக்கின் அடித்தட்டில் முக்கோணத் துளைகள் இருக்கும், பிந்தையதில் நீள்துளைகள். இரண்டும் சாது. கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால் கதவுபோல் மூடி இரண்டாகத் திறக்கும் வகை 1934-இல் அரிஸ்டோகிராட்டோடு தொடங்கியது. 1947-இல் வந்த சூப்பர் ஸ்பீடு அதில் எளிதாகக் கிடைப்பது. 1955-இல் அதையே குமிழின் முனை நிறத்தால் பிரித்தார்கள்: நீலம் மென்மையான தோலுக்கு, சிவப்பு முரட்டுத் தாடிக்கு. 1958-இல் 1 முதல் 9 வரை திருப்பிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள் வந்தது. பருத்த கழுத்துள்ள அதை எல்லாரும் ஃபேட்பாய் என்பார்கள். 1961-இல் மெலிந்த உருவில் ஸ்லிம்.

அமெரிக்காவில் செய்த ஜில்லெட்டுகளின் தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிக்கும். 1955-க்கு ஏ, 1956-க்கு பி என்று வரிசை ஓடும். 'இ 3' என்றால் 1959-இன் மூன்றாம் காலாண்டு. இது தெரிந்தால் ரேசர் நன்றாக ஷேவ் செய்துவிடப் போவதில்லை. விற்பவர் சொல்லும் கதை சரியா என்று பார்க்க உதவும், அவ்வளவே.

பழைய ரேசரின் பலம் அதன் உலோகம். பெரும்பாலானவை பித்தளையில் செய்து நிக்கல் முலாம் போட்டவை. முலாம் தேய்ந்தாலும் பித்தளை மக்காது, மரை லேசில் உடையாது. பலவீனம், அது யார் கையில் எப்படி இருந்தது என்பது தெரியாதது. ஆகவே பயன்படுத்தும் முன் ஒரு சோதனை கட்டாயம்.

மூன்று துண்டு ரேசர் என்றால் அடித்தட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வையுங்கள். நான்கு மூலையும் படிய வேண்டும். ஒரு மூலை ஆடினால் தட்டு எப்போதோ கீழே விழுந்து வளைந்திருக்கிறது. பல்வரிசையாக இருந்தால் ஓரத்திலிருந்து வரிசையைப் பாருங்கள். ஒரு பல் உள்ளே மடங்கியிருந்தாலும் அந்த இடத்தில் கீறல் உறுதி. மென்மையான பித்தளை என்பதால் மரக்குச்சியால் அழுத்தி நிமிர்த்தலாம். ஆனால் ஒரே தடவைதான். இப்படியும் அப்படியுமாக வளைத்தால் பல் கையோடு வந்துவிடும். ஓல்ட் டைப்பில் கைப்பிடியின் குழாயை நகத்தால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். மரை இருக்கும் முனையில் மயிரிழை விரிசல் இருப்பது அந்த வகைக்கு வழக்கமான நோய். விரிசல் சிறியதாக இருந்தால் ரேசர் வேலை செய்யும். ஆனால் இறுக்கும்போதெல்லாம் கொஞ்சம் விரியும், கடைசியில் மரை பிடிக்காது.

திறந்து மூடும் வகையில், பிளேடு இல்லாமல் மூடி, இரண்டு கதவுகளும் நடுவில் ஒரே கோட்டில் சேர்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பிளேடு போட்டு, தலைக்கு நேர் எதிரே கண்ணை வைத்து இரு பக்கமும் தெரியும் பிளேடின் அகலத்தை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் திறந்து, பிளேடை அரை மி.மீ. நகர்த்தி மீண்டும் மூடுங்கள். மூன்று தடவை, பிளேடைத் திருப்பிப் போட்டும், அதே பக்கமே கூடுதலாக இருந்தால் கோளாறு ரேசரில். கதவோ நடுக்கட்டையோ வளைந்திருக்கிறது, அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. இப்படி ஒரு ரேசரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

அட்ஜஸ்டபிள் என்றால் 1-இல் வைத்து இடைவெளியைப் பாருங்கள், பிறகு 9-இல். தட்டு கண்ணுக்குத் தெரியும்படி இறங்க வேண்டும். எண்ணை மாற்றும் முன் கீழ்க் குமிழைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். முழுக்க இறுக்கிய நிலையில் வளையத்தைத் திருப்பினால் உள்ளிருக்கும் பாகங்கள் தேயும். பழைய அட்ஜஸ்டபிள்கள் பல இப்படித்தான் வீணாகின்றன.

திருகவே திருகாமல் இறுகிக் கிடக்கும் ரேசர் பெரும்பாலும் கெட்டுப்போனதல்ல. பல வருட சோப்புக் கசடும் உப்புநீர்ப் படிவும் உள்ளே கல்லாகியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊறவைத்து, இப்படி ஒரு நாளுக்குள் இரண்டு மூன்று முறை. விரலால் திரும்பாததைக் குறடு வைத்துத் திருப்பாதீர்கள். அசைந்ததும் நன்றாக உலரவைத்து, குமிழின் மேற்புறத்தில் ஒரே ஒரு துளி மினரல் ஆயில். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ வேண்டாம். சில மாதத்தில் பிசினாகி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

துலக்குவதில் செய்யக்கூடாதவைதான் அதிகம். கொதிநீரில் போடாதீர்கள், முலாம் கொப்பளிக்கும். வினிகரில் ஊறப்போட்டுவிட்டு மறந்தால் நிக்கல் மங்கிப்போகும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் கூடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் பித்தளையில் அது விரிசலை உண்டாக்கும். தங்க முலாம் பூசிய ரேசர்களில் தங்கம் பெயருக்குத்தான் இருக்கும், பற்பசையால் நாலு தேய் தேய்த்தால் அடியில் உள்ள உலோகம் சிரிக்கும். அழுக்கு போனபின் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் 10 நிமிடம் மூழ்க வைத்து எடுத்தால் இன்னொருவர் பயன்படுத்திய ரேசர் என்ற கவலை தீரும். மேலே வார்னிஷ் பூசிய தங்க முலாமென்றால் ஆல்கஹால் அந்தப் பூச்சைக் கரைக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

புதிதாக முலாம் போட்டுப் பளபளவென்று விற்கும் பழைய ரேசர்களை எச்சரிக்கையோடு பாருங்கள். முலாம் போடும் முன் பழைய பரப்பை உராய்ந்து மெருகேற்றுவார்கள். அந்த வேலையில் கைப்பிடியின் சொரசொரப்பும், எழுத்துகளும், சில சமயம் தடுப்பின் விளிம்பும் கரைந்துபோகும். எழுத்து கூர்மையாகத் தெரிந்தால் உராய்ந்தவர் கை நிதானம் என்று பொருள். ஆண்டுக் குறியே மழுங்கியிருந்தால் தலையின் அளவும் மாறியிருக்கலாம்.

புதிய ரேசர்களுக்கு வருவோம். விலை குறைவான, நடுத்தர விலையுள்ள ரேசர்களின் தலை பெரும்பாலும் ஸமாக் எனும் துத்தநாகக் கலவை: பெரும்பகுதி துத்தநாகம், 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் தாமிரமும் மக்னீசியமும். அச்சில் வார்த்து மேலே குரோம் முலாம் போடுவார்கள். முலாம் முழுதாக இருக்கும்வரை ஒரு குறையுமில்லை. முலாம் எங்கேனும் விண்டால் அடியிலுள்ள துத்தநாகம் வெள்ளையாகப் பொரிந்து உதிரும். அதைவிடப் பெரிய பலவீனம் மூடியின் நடுவிலிருந்து இறங்கும் மரைத்தண்டு. தரையில் தலைகுப்புற விழுந்தாலோ, மூச்சைப் பிடித்து இறுக்கினாலோ 'டப்' என்று முறிந்து கைப்பிடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ம்யூலே ஆர்89, எட்வின் ஜாகர் டிஇ89 இரண்டும் ஒரே வடிவத் தலை. சாதுவும் அல்லாமல் முரடும் அல்லாமல், முதல் ரேசருக்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் அவற்றின் தலையும் வார்ப்புதான். கைப்பிடி எதிர்ப்பு காட்டியதும் இன்னும் கால் சுற்று. அதற்கு மேல் இறுக்குவதால் ஷேவ் மேம்படாது, தண்டுதான் களைக்கும்.

அலுமினியத்தைக் கடைந்து மேற்பரப்பைக் கடினப்படுத்திய ரேசர்கள் எடையில் குறைவு, அளவில் துல்லியம். ஹென்சன் இந்த வகை: பிளேடை விளிம்பு வரை இறுகக் கவ்வுவதால் துள்ளலே இருக்காது. பிளாஸ்டிக் தலையுள்ள கார்ட்ரிட்ஜிலிருந்து மாறுபவருக்கு அந்தத் தலையின் சாய்தளம் கோணத்தைத் தானாகவே சொல்லிக்கொடுத்துவிடும். குறை, ரேசரின் கனத்தை நம்பி வழித்துப் பழகியவருக்குக் கையில் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றுவது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்த ரேசருக்கு முலாமே கிடையாது, உரிந்துபோக ஒன்றுமில்லை. 316எல் என்ற வகை உப்புநீருக்கும் அசையாது. 303 கடைவதற்கு எளிது என்பதற்காகக் கந்தகம் சேர்த்தது, ஈரத்தோடு விட்டால் எப்போதாவது புள்ளி விழலாம். இந்த ரேசர்களின் உண்மையான அனுகூலம் ஆயுள்கூட அல்ல. ஒரே மூடிக்கு வேறு வேறு தட்டு கிடைப்பது. முரடு போதவில்லை என்றால் ரேசரை மாற்ற வேண்டாம், தட்டை மாற்றினால் போதும்.

பழைய கைப்பிடியைப் புதுத் தலைக்கு மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய அமெரிக்க ஜில்லெட்டுகளின் மரை அங்குலக் கணக்கு. இன்றைய ரேசர்களில் பெரும்பாலானவை 5 மி.மீ. மரை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் வம்பு. பழைய மூடியின் தண்டு புதுக் கைப்பிடியில் சற்றுத் தொளதொளவென்று ஏறும். புது மூடியின் தண்டு பழைய கைப்பிடியில் இரண்டு சுற்றுக்குப்பின் இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் திருகினால் ஏதோ ஒன்றின் மரை அறுபடும், அது பழையதாகத்தான் இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் கூருள்ள ஜெம், ஷிக் இன்ஜெக்டர் போன்ற பழைய ரேசர்களும் அருமையானவை. தடித்த பிளேடு என்பதால் துள்ளல் குறைவு. ஆனால் இவற்றுக்கான பிளேடு செய்பவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். கண்ணாடியில் பெயிண்ட் சுரண்டும் ஒற்றைக்கூர் பிளேடும் பார்வைக்கு ஜெம் பிளேடுபோலவே இருக்கும், ரேசருக்குள்ளும் போகும். அது தோலுக்கென்று தீட்டியதோ வழுக்குப் பூச்சு பூசியதோ அல்ல. ஒரு இழுப்பிலேயே தெரிந்துவிடும்.

இனி பிளேடு. சொல்லப்போனால் முகத்தைத் தொடுவது இது ஒன்றுதான்.

1960-களின் தொடக்கம் வரை பிளேடுகள் கார்பன் ஸ்டீல். நன்றாகக் கூர் பிடிக்கும், ஆனால் ஈரம் பட்டால் ஓரிரு நாளில் துரு. வில்கின்சன் ஸ்வோர்டு ஸ்டெயின்லெஸ் பிளேடைப் பரவலாக விற்கத் தொடங்கியதும் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். இன்றைய பிளேடு ஏறக்குறைய 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு. பல நிலைகளில் தீட்டி, கூரின்மேல் குரோமியம், பிளாட்டினம் போன்றவற்றை மிக மெல்லியதாகப் படியவைத்து, அதன் மேல் பி.டி.எஃப்.இ. பூச்சைச் சூட்டில் உருக்கிப் பரப்புவார்கள். தோசைக்கல்லில் ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள். முடிக்குள் கூர் இறங்கும்போது இழுக்காமல் வழுக்கிச் செல்வது இந்தப் பூச்சினால்தான்.

உறை பிரிக்காத பழைய பிளேடை வேண்டாமென்றதன் காரணம் இப்போது புரியும். கார்பன் ஸ்டீலென்றால் காகித உறைக்குள்ளேயே ஈரம் இழுத்துக் கூரில் கண்ணுக்குத் தெரியாத துருப்பள்ளங்கள் விழுந்திருக்கும். துருவைத் தடுக்க அன்று தடவிய எண்ணெயும் மெழுகும் காய்ந்து உறையோடு ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்கும்போதே கூர் பாழ். அந்தக் காலத்துப் பிளேடு உறைகள் பார்க்க அழகு. அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிளேடை அல்ல.

இதே பூச்சு காரணமாகத்தான் பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள் என்கிறேன். ஷேவ் முடிந்ததும் ஓடும் நீரில் காட்டி, ரேசரை ஒன்றிரண்டு முறை உதறிவிட்டு நிற்கவைத்தால் போதும். சிலருக்கு முதல் ஷேவைவிட இரண்டாவது சுகமாக இருப்பதும் பூச்சினால்தான். கூரின் நுனியில் மிகுதியாக இருப்பது முதல் இழுப்புகளிலேயே விலகிவிடுகிறது. ஆகவே ஒரே ஷேவில் ஒரு பிளேடுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எந்த பிளேடு நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஆனால் தோராயமான வரைபடம் உண்டு. ஃபெதர், காய் இரண்டும் ஜப்பானியவை, மிகக் கூர். காய் அகலத்திலும் மற்றவற்றைவிட ஓர் இழை கூடுதல் என்பதால் அதே ரேசரில் சற்று முரடாகத் தெரியும். ஜில்லெட் சில்வர் ப்ளூ, பெர்சோனா, பச்சை உறை ஆஸ்ட்ரா ஆகியவை நடுத்தரம். கூர் போதுமானது, கோபம் இல்லை. டெர்பி எக்ஸ்ட்ரா மென்மையான பக்கம். ஒரே பெயரும் அதே நிற உறையும் இருந்தாலும் தயாராகும் ஆலை காலப்போக்கில் மாறுவதுண்டு. பத்து வருடம் முன்பு ஒருவர் புகழ்ந்த பிளேடும் இன்று கையில் கிடைப்பதும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

மென்மையான பிளேடு என்றால் தொடங்குபவருக்கு ஏற்றது என்று நினைக்கத் தோன்றும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கூர் குறைந்த பிளேடு முடியை வெட்டாமல் இழுக்கும். இழுத்தால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் தோல் சிவக்கும். தடித்த, அடர்ந்த தாடிக்கு சாதுவான ரேசரும் கூரான பிளேடும் சேர்ந்த ஜோடிதான் பாதுகாப்பு: ரேசர் தோலைக் காக்கும், பிளேடு முடியைப் பார்த்துக்கொள்ளும். முரட்டு ரேசர் வைத்திருப்பவர் நடுத்தர பிளேடிலிருந்து தொடங்கட்டும். பூனைமுடிபோல மெல்லிய தாடிக்கு எதைப் போட்டாலும் சரிதான்.

பல வகை கலந்த சோதனைப் பொட்டலம் வாங்குவது நல்ல யோசனை, தினமும் ஒரு வகை மாற்றுவது கெட்ட யோசனை. ஒரே சோப்பு, ஒரே ரேசர், ஒரு பிளேடுக்குக் குறைந்தது மூன்று ஷேவ். அதற்குப் பிறகே அடுத்த வகை. ரேசரையும் பிளேடையும் ஒரே நாளில் மாற்றினால் எரிச்சல் யாரால் வந்தது என்று ஒருநாளும் தெரியாது. பிளேடு எத்தனை ஷேவ் வரும் என்றால், பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 7 வரை. எண்ணிக்கையைவிடக் காது நல்ல அளவுகோல். புது பிளேடு தாடையில் ஓடும்போது 'சர்சர்' என்று மொறுமொறுப்பாக ஒலிக்கும். அந்த ஒலி மங்கி, மேலுதட்டில் முடி இழுபடத் தொடங்கினால் அன்றோடு சரி.

மாட்டும்போது பிளேடின் கூரற்ற குறுகிய ஓரங்களைப் பிடியுங்கள். மூன்று துண்டு ரேசரில் மூடியை மல்லாத்தி, பிளேடை வைத்து, தட்டை வைத்து, தட்டையும் மூடியையும் ஓரங்களில் ஒரு கையால் சேர்த்து அழுத்திக்கொண்டு மறு கையால் கைப்பிடியைத் திருகுங்கள். அழுத்தாமல் திருகினால் கடைசிச் சுற்றில் பிளேடு ஒரு பக்கம் நகரும். ஒரு கன்னம் சுகமாகவும் இன்னொரு கன்னம் எரிச்சலாகவும் இருந்தால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

கோணத்துக்கு ஒரு எளிய வழி: மூடியின் முதுகைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்படியே மெல்ல மெல்லக் கைப்பிடியை இறக்கிக்கொண்டே சிறிது வழித்துப் பாருங்கள். முடி வெட்டுப்படும் ஒலி கேட்ட இடத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் இறக்கினால் பிளேடு தோலைச் சுரண்டும். பட்டும் படாமலும் என்பார்களே, கையின் அழுத்தம் அந்த அளவுதான். பித்தளை ரேசரென்றால் அதன் கனமே போதும். அலுமினியத்துக்கு மட்டும் விரல் சற்று ஒத்தாசை செய்யலாம். முதல் சுற்று முடி படியும் வாக்கில், இரண்டாவது குறுக்கே. எதிர்வாக்கில் போவதை முதல் சில வாரம் ஒத்திப்போடுங்கள், கழுத்தில் குறிப்பாக; அங்கே முடி கன்னத்தைப்போல் கீழ்நோக்கி மட்டும் வளர்வதில்லை. விரலால் தடவி எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் முள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேசர் மிகவும் சாதுவாக இருந்தாலும் எரிச்சல் வரும். ஒரே இடத்தை ஐந்தாறு முறை வழித்தால் எந்தத் தோல்தான் பொறுக்கும்? மூன்று சுற்றுக்குப் பிறகும் தாடை சொரசொரப்பாகவே இருந்து, கூரான பிளேடு போட்டும் மாறவில்லை என்றால், அப்போது ஒரு படி முரடான தட்டுக்குப் போகலாம். கீறலும் இரத்தப் புள்ளிகளும் வந்தால் எதிர்ப்பக்கம்: தட்டைக் குறைக்கும் முன் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.

உங்கள் கையில் இருப்பது டெக்கோ சூப்பர் ஸ்பீடோ என்றால், மேலே சொன்ன சோதனையில் தேறினால், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். நடுத்தர பிளேடு ஒன்றும் கூரான பிளேடு ஒன்றுமாக இரண்டு பொட்டலம் போதும். ஓல்ட் டைப் என்றால் விரிசலைப் பார்த்துவிட்டு அதே முடிவு. அட்ஜஸ்டபிள் என்றால் 3-இல் தொடங்கி, ஒரு பிளேடின் ஆயுள் முழுக்க அதிலேயே இருந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். தேறவில்லை என்றாலோ, திறந்து துலக்கிப் பார்க்கப் பொறுமை இல்லை என்றாலோ, ஆர்89 வகைத் தலை ஒன்று, அல்லது தட்டு மாற்றக்கூடியது ஒன்று. முதல் ரேசராக ஆர்41-ஐ மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். குமிழ் திருகித் திறக்கும் வகையில் புதியதாக வரும் மிக மலிவான ரேசர்களையும் தவிர்க்கலாம். கதவுகள் நேராக மூடாத குறை அவற்றில் அடிக்கடி வரும், அந்த வகை வேண்டுமென்றால் நல்ல நிலையிலுள்ள பழைய சூப்பர் ஸ்பீடே மேல்.

தீர்ந்த பிளேடுகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள், எடுப்பவர் கையைக் கிழிக்கும். இறுக மூடிய தகர டப்பா ஒன்றின் மூடியில் பிளேடு நுழையும் அளவு கீறல் போட்டு, ஓரத்தைப் பசை நாடாவால் ஒட்டிவிட்டால், வருடக்கணக்கில் நிரம்பாத உண்டியல் தயார்.